ஆறாயிரத்துத் தொண்ணூற்றெட்டு கஜ முற்றம்

பேச்சிக்கனியின் வீட்டு முற்றம் முதன்முதலாக நான்கு கஜம் நீண்டது ஒரு செப்டம்பர் மாதத் திங்கட்கிழமை காலையில்; வாசல் தெளிக்க வாளியோடு வந்தவளுக்கு, வாசற்படியில் தொடங்கிக் கம்பிக் கேட்டு வரைக்கும் எப்போதும் அளவாக இருக்கும் அந்த ஒரு வாளித் தண்ணீர் அன்றைக்குப் பாதியிலேயே தீர்ந்துபோக, வாளிதான் ஒழுகுகிறது என்று நினைத்து, அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஓட்டை எதுவும் தென்படாமல், இன்னொரு வாளி மொண்டுவந்து தெளித்துவிட்டு அடுப்பு வேலைக்குப் போய்விட்டாள். கேட்டுக்கு வெளியே இருந்த தெருவும், தெருவுக்கு அந்தப்புறம் இருந்த டீக்கடையும், அதற்கும் அப்பால் இருந்த ஒத்தக்கல் ஊர் மொத்தமும் நான்கு கஜம் கிழக்கே தள்ளிப் போயிருந்தது யாருக்கும் தெரியவில்லை, டீக்கடைப் பாய்லரில் தண்ணீர்கூடத் தளும்பவில்லை. ஊருக்குக் கிழக்கே கடல் இருக்கிறதே, அது எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் கேட்கவில்லை. பட்டா யார் பேருக்கு, பாதை யார் பக்கம், மூலை மனை யாருக்கு என்று பிற்பாடு எங்களுக்கு ஆயிரம் கேள்விகள் இருந்தன. கடலைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை.

நான் தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவன். ஊரில் ரைட்டர் என்பார்கள். முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, தெருவிளக்கு, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையைத் திருப்பிவிட்டது என்று எங்கள் ஊரின் அத்தனை ஆசையும் அழுகையும் என் கையெழுத்தில்தான் அரசாங்கத்துக்குப் போகும். இந்தக் கதையிலும் என் கை இருக்கிறது. அந்த இடம் வரும்போது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முற்றம் நீண்டதற்குக் காரணம் பேச்சிக்கனியின் ஒரே மகன் பலவேசம். எங்கள் ஊரில் பஸ் நிறுத்தம் ஒன்று உண்டு, ஆனால் பஸ் அங்கே நிற்காது, முப்பது கஜம் தள்ளிப் போய் நிற்கும், அல்லது நிற்பதுபோல ஒரு பாவனை காட்டும். அதற்குள் புத்தகப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோழிக்கூடைக்காரரை இடதுபக்கம் விட்டு, குடத்தோடு நிற்கும் பெண்களை வலதுபக்கம் விட்டு, இறங்குகிறவர்களின் முழங்கைகளுக்கு நடுவே நுழைந்து படியில் தொற்றியாக வேண்டும். பன்னிரண்டு வருஷம் அப்படிப் பள்ளிக்கூடம் போன பலவேசம், வேளாண் பொறியியல் மேல்படிப்புக்கு அமெரிக்காவில் வெறும் சோளக்காடாகக் கிடக்கும் ஒரு மாநிலத்துக்குப் போய், அங்கேயும் ஒரு நாள் பஸ்ஸுக்காக இடுப்பில் ஒரு அரிசிக் குக்கரோடு ஓடியிருக்கிறான். அதைப் பார்த்த பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஒருவர், குக்கரை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் கூராக இருக்கும் அவர்கள் ஊர்ப் பந்து ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார். படிப்பு முடிந்ததும் மியூல்ஸ் என்ற தொழில்முறை அணி அவனை எடுத்துக்கொண்டது. அந்த ஆட்டத்தில் அவன் வேலை எளிமையானது: பந்தை இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிர்க்கட்சியின் பதினோரு தடியர்கள் மேலே விழுந்து அமுக்குவதற்குள் எத்தனை கஜம் முன்னேறுகிறானோ அத்தனையும் அவன் பேரில் எழுதப்படும். அவர்கள் பின்னுக்குத் தள்ளிவிட்டால் தள்ளிய கஜம் கழியும். அவன் அங்கே ஒரு கஜம் போனால் இங்கே அவன் அம்மாவின் முற்றம் ஒரு கஜம் நீளும். அவ்வளவுதான் விஷயம்.

இதைக் கண்டுபிடித்தவர் சர்வேயர் கொம்பையா. டீக்கடையில் பேச்சிக்கனி, "பய போன்ல சொன்னான், நேத்து பதினேழு கஜம் ஓடுனானாம். என்னத்துக்கு ஓடுதான்னே வெளங்கல," என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கொம்பையா டீயை வைத்துவிட்டு, பைக்கிலிருந்து நிலம் அளக்கும் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய் முற்றத்தை அளந்தார். இரண்டு வாரம் அளந்தார். மூன்றாவது வாரம் அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார். அன்றிலிருந்து ஆட்டக் காலம் முழுவதும் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும், அமெரிக்காவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஊர் டிவியைப் பார்க்கவில்லை, கொம்பையாவின் சங்கிலியைத்தான் பார்த்தது.

அகலம் கூடவில்லை, பழைய எல்லைக்கல்லுக்கும் எல்லைக்கல்லுக்கும் நடுவே ஐம்பது கஜம்தான். நீளம் மட்டும் மேற்கே வாசற்படியிலிருந்து கிழக்கே கேட்டு வரை நாடா உருட்டி விட்டதுபோலப் போய்க்கொண்டிருந்தது. தாலுகா ஆபீஸில் ஒரு சிக்கல் வந்தது: நிலம் புதிதாக உண்டானால் அது எப்படி உண்டானது என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது, அதில் பந்தாட்டத்துக்கு இடமில்லை. நன்றாக யோசித்து, 'ஆறு ஒதுக்கிய நிலம்' என்று எழுதினார்கள். எங்கள் ஊரில் ஆறு கிடையாது. ஆனாலும் கோப்பில் ஆறு வந்துவிட்டபடியால், அதைப் பொதுமக்கள் எப்படிக் கடப்பார்கள் என்று மேலிடம் கேட்க, மூன்றாவது வருஷத்தில் பாலம் அனுமதியாகி, பேச்சிக்கனியின் வாசற்படியிலிருந்து மூவாயிரமாவது கஜத்தில், கட்டாந்தரையின் மேல், இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் வைத்து, வெள்ள அபாய அளவுகோல் வரைந்து, ஒரு பாலம் எழும்பியது. ஆடுகளுக்கு அது ஏற்ற நிழல்.

ஊர் மாறிப்போனது. ஓடினால் முட்டி பெயர்ந்துவிடும் என்று பிள்ளைகளை அடித்த தகப்பன்மார்கள், உட்கார்ந்திருந்தால் அடித்தார்கள். கணக்கு டியூஷன் மூடிக் கிடந்தது. இடுக்கி ஓடும் பயிற்சி மையங்கள் மூன்று திறந்தன, பந்து கிடைக்காததால் தேங்காயை வைத்துப் பழக்கினார்கள். சாஸ்தா கோவிலில் பலவேசத்தின் முழங்காலுக்கு என்று தனி அர்ச்சனைச் சீட்டு அச்சடித்தார்கள், இடது கால் ஒன்று, வலது கால் ஒன்று. மனை வியாபாரி ஞானதிரவியம் அண்ணாச்சி, "ஒனக்கு வீடு வரைக்கும் தார் ரோடு போட்டுத் தாரேன் தாயி," என்று பேச்சிக்கனியிடம் பவர் எழுதி வாங்கி, பலவேசம் நகர் முதல் பகுதி, இரண்டாம் பகுதி, மூன்றாம் பகுதி என்று கல் நட்டு விற்றார். இன்னும் உண்டாகாத நாலாம் பகுதியிலும் முன்பதிவு நடந்தது. பாலத்தை ஒட்டிய நாற்பத்து மூன்றாம் மனை என்னுடையது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பேச்சிக்கனிக்கு மட்டும் ஊர் தூரமாகிக்கொண்டே போனது. முன்பு வாசலில் நின்று கையைத் தட்டினால் டீக்கடைக்காரர் பால் கொண்டுவந்து தருவார். மூன்றாவது வருஷ முடிவில் கேட்டு மூவாயிரத்து இருநூறு கஜத்துக்கு அப்பால் இருந்தது. ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு, மனைக்கற்களில் கால் இடித்துக்கொண்டு, ஆடுகள் அடைந்த அந்தப் பாலத்தடியை விட்டால் உட்கார நிழலில்லாமல் வெயிலில் அவள் நடந்து போவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பாவமாகத்தான் இருந்தது. ஒரு நாள் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"ரைட்டரண்ணே, கேட்டுலருந்து வீட்டுக்கு ஒரு மினி பஸ் விடச் சொல்லி எழுதுங்க. அவன் வரும்போதாவது நடக்காம வரட்டும்."

எழுதினேன். மனம் உருகி எழுதினேன் என்றே சொல்லலாம். முதல் கையெழுத்தை அவளே போட்டாள், 'பே' என்ற எழுத்தின் கொம்பை எப்போதும் சுருட்டி விடுவாள். அப்புறம் தெருத் தெருவாகப் போய் நூற்று எண்பது கையெழுத்து வாங்கிவந்து கொடுத்தாள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மனுவைத் தனித் தாளில் எழுதுவோம், கையெழுத்துகளை வெறும் வெள்ளைத் தாளில், வரிசை எண் மட்டும் போட்டு வாங்குவோம், அப்புறம் இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்துவோம். கையெழுத்துத் தாளில் பொருள் எழுதுவதில்லை. போட்டவர்கள் எதற்குப் போட்டோம் என்று கேட்பதும் இல்லை. அந்த வாரமே அண்ணாச்சி வந்தார்.

"வே ரைட்டரு, ஆளு நல்லாத்தான் ஓடுதான். அந்தக் கோச்சுதான் பந்து குடுக்க மாட்டேங்கானாம். ஆட்டத்துக்குப் பதினாலு தடவதானாம். ஒரு மனு தட்டிவிடும்."

"அமெரிக்காவுக்கா அண்ணாச்சி?"

"கலெக்டருக்கு எழுதுனா பைப்பு வருது. கோச்சுக்கு எழுதுனா பந்து வராதாவே?"

"கையெழுத்து வேணும்லா?"

"உம்ம பெட்டியில மினி பஸ்சுக்கு வாங்குனது கெடக்குல்லா. அதைக் குத்தும். பஸ்சுக்குப் பொறவு வாங்கிக்கிடலாம்."

என் நாற்பத்து மூன்றாம் மனைக்குப் பக்கத்தில் நாற்பத்து நாலு காலியாகக் கிடந்தது. அண்ணாச்சி அதைப் பற்றியும் லேசாகப் பேசினார். நான் எழுதினேன்: அனுப்புநர், ஒத்தக்கல் ஊர்ப் பொதுமக்கள், பெறுநர், உயர்திரு தலைமைப் பயிற்சியாளர் அவர்கள், மியூல்ஸ் அணி, அமெரிக்கா, பொருள், திரு. பலவேசம் அவர்களுக்குப் பந்து கூடுதலாக வழங்கக் கோருதல் தொடர்பாக. ஐயா, வணக்கம். எங்கள் ஊர் மிகவும் பின்தங்கிய ஊர். ஆட்டம் ஒன்றுக்குப் பதினான்கு முறை மட்டுமே பந்து வழங்கப்பட்டு வருவதால் பொதுமக்களாகிய நாங்கள் பெரிதும் அவதியுற்று வருகிறோம். ஆகவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து ஆட்டத்துக்கு முப்பது முறையாவது வழங்கி எங்கள் வாழ்வில் ஒளியேற்றும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நகல், மாவட்ட ஆட்சியருக்குத் தகவலுக்காக. இதன் கீழே மினி பஸ்ஸின் நூற்று எண்பது கையெழுத்துகளைக் குத்தி, ஊராட்சி முத்திரை வைத்து, விமானத் தபாலில் போட்டேன்.

மனு பலித்தது. நான் இருபத்தாறு வருஷமாக எழுதிய மனுக்களில் இத்தனை சீக்கிரம் பலித்தது இது ஒன்றுதான். நாலாவது வருஷத்தில் ஆட்டத்துக்கு முப்பது முறை, முப்பத்தைந்து முறை பந்தைக் கொடுத்தார்கள். முப்பத்தைந்து முறையும் பதினோரு பேர் அவன் மேல் விழுந்தார்கள். திங்கட்கிழமை தோறும் கொம்பையாவின் சங்கிலி போதாமல் இரண்டாவது சங்கிலி வாங்கினார்கள். நாலாம் பகுதி விற்றது, ஐந்தாம் பகுதி விற்றது. அந்தத் தொழிலில் மூன்று வருஷம் ஓடுவதே பெரிது, உடம்பு உடைந்துவிடும் என்று டவுனில் படித்த ஒரு ஆள் டீக்கடையில் சொன்னான். பொறாமை பிடித்தவன் என்று அவனுக்கு டீ கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பலவேசம் வாரா வாரம் டீக்கடைக்குப் போன் செய்வான். ஆட்டமில்லாத மாதங்களிலும் உடம்பைத் தேற்றும் பயிற்சி என்று அவனை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள், அதனால் போன் மட்டும்தான். "எம்மா, இப்ப நெறைய ஓடுதேன். சந்தோஷமா?" என்று கேட்பான். பிள்ளை இத்தனை ஆசையாகக் கேட்கிறானே என்று அவளும், "சந்தோஷம்யா," என்பாள். போனை வைத்துவிட்டு, ஊரே அவன் முன்னால் போக வேண்டும் என்று கும்பிடும் அதே சாஸ்தாவிடம், நாலு பேர் அவனைப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் தள்ளட்டும், கேட்டு கொஞ்சம் கிட்டே வரட்டும் என்று கும்பிடுவாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊர்த்துரோகம் என்று ஒரு மனு என்னிடம்தான் வந்திருக்கும்.

ஆறாவது வருஷம், அக்டோபர் மாதத்து ஒரு திங்கட்கிழமை, கொம்பையா இரண்டு முறை அளந்தார், மூன்றாம் முறையும் அளந்தார். போன வாரம் ஆறாயிரத்து நூறு இருந்த முற்றம் ஆறாயிரத்துத் தொண்ணூற்றெட்டாக இருந்தது. கூட்டம் கலைந்தது. பேச்சிக்கனிக்கு மட்டும் சந்தோஷம், இரண்டு கஜம் கிட்டே வந்துவிட்டதே என்று அந்தக் கேட்டு வரைக்கும் நடந்து போய் அதன் கம்பியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். டீக்கடையில் அவளுக்காகப் போன் காத்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு கஜம் பின்னால் தள்ளப்பட்ட இடத்தில்தான் பலவேசத்தின் வலது முழங்கால் ஜவ்வு மூன்று இடத்தில் அறுந்திருந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மியூல்ஸ் அணி அவனுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டது. அவனுக்கு வயது இருபத்தெட்டு. ஊரில் இரண்டு கருத்து இருந்தது. காலைச் சரிசெய்து இன்னும் ஒரு நானூறு கஜமாவது ஓட வைக்க வேண்டும், ஏழாம் பகுதிக்கு முன்பதிவு வாங்கியாயிற்று என்பது ஒன்று. சின்னப் பிள்ளைகளில் ஒருத்தனைச் சீக்கிரம் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. எப்படியும் மரியாதை குறையக்கூடாது என்று கேட்டுக்கு முன்னால் வரவேற்பு வளைவு வைத்தோம். மியூல்ஸ் என்றால் கோவேறு கழுதைகள் என்று அப்போதுதான் தெரியவந்து, 'அமெரிக்கக் குதிரைப்படை வீரரே வருக' என்று எழுதினோம்.

பலவேசம் ஊன்றுகோலோடு காரிலிருந்து இறங்கினான். மாலை விழுந்தது, வெடி போட்டார்கள், அண்ணாச்சி பேசினார். பேசி முடித்ததும் அவன், "வீட்டுக்கு எப்படிப் போவணும்?" என்று கேட்டான். கார் போக வழியில்லை. தார் ரோடு அண்ணாச்சியின் வண்ண நோட்டீஸில் மட்டும்தான் இருந்தது, தரையில் ஆறு வருஷத்து மனைக்கற்களும் முள்வேலிகளும் இருந்தன. அவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போகலாம் என்று யாரோ சொல்ல, "வேண்டாம், என்னய நெறைய பேர் தூக்கிட்டாங்க," என்று சொல்லிவிட்டு, மாலையைக் கழற்றிக் கேட்டில் மாட்டி, தான் ஓடிச் சேர்த்த ஒவ்வொரு கஜத்தையும் நடந்து கடக்க ஆரம்பித்தான். கூட வந்தவர்கள் அவரவர் மனை வந்ததும் அங்கங்கே நின்றுவிட்டார்கள். நான் முன்னாலேயே போய் என் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் பாலத்தில் நடந்ததை நான் பார்த்தேன்.

மேற்கிலிருந்து பேச்சிக்கனி வந்துகொண்டிருந்தாள். விடிந்ததும் கிளம்பியிருக்கிறாள். இரண்டு பேரும் தண்ணீரில்லாத அந்தப் பாலத்தின் நடுவில் சந்தித்தார்கள். அவள் முதலில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து முழங்காலைத்தான் தொட்டாள்.

"வலிக்காய்யா?"

"நடந்தா வலிக்கும். நின்னா ஒண்ணுமில்ல."

"நாந்தான்யா காரணம். ஒன்னய நாலு பேரு பின்னால தள்ளணும்னு கும்பிட்டேன். கேட்டு கிட்ட வரும்னு."

அவன் சிரித்தான். "கும்பிட்டா யாரும் தள்ள மாட்டாங்கம்மா. அவனுவளுக்குச் சம்பளம் குடுக்காங்க."

"எதுக்குய்யா இம்புட்டு ஓடுன? ஒரு வாளித் தண்ணி தெளிக்க முத்தம் எனக்குப் போதாதா?"

அவன் சிரிப்பு நின்றது. "நீதானேம்மா கேட்ட," என்றான்.

"நானா?"

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தான். மடிப்பெல்லாம் தேய்ந்து கிழியும் நிலையில் இருந்தன. என் கையெழுத்து எனக்கு அத்தனை தூரத்திலிருந்தும் தெரிந்தது. "கோச்சு எங்கிட்டதான் கொண்டாந்து காட்டுனாரு, என்ன எழுதியிருக்குன்னு. பெறந்தநாள் வாழ்த்துன்னு சொல்லிரலாம்னுதான் பாத்தேன். அப்பவே முட்டியில நோவு இருந்துச்சு. திருப்புனா மொதக் கையெழுத்து ஒன்னுது. எங்கம்மா எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல, மொத மொதலாக் கேக்கான்னு உள்ளது உள்ளபடியே படிச்சுக் காட்டிட்டேன்."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள், பிறகு திருப்பி, கொம்பு சுருட்டிய தன் பெயரைப் பார்த்தாள். அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தாள்.

"இது மினி பஸ்சுக்குப் போட்டதுய்யா. நீ வரும்போது நடக்காம வரணும்னு போட்டது."

பலவேசம் தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தான். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. நான் எழுந்து அவர்களிடம் போயிருக்க வேண்டும், போகவில்லை. பாலம் பத்தே கஜத்தில் இருந்தது.

தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு அவன், "சரி, பஸ் வந்துச்சாம்மா?" என்று கேட்டான்.

"இன்னும் வரலய்யா. மனு குடுத்திருக்கு. வரும்."

அவள் அவனுடைய கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்; இரண்டு பேரும் மீதி மூவாயிரம் கஜத்தை நடக்கத் தொடங்கினார்கள், நாலடிக்கு ஒருமுறை நின்று, பஸ் வருகிறதா என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அந்த மினி பஸ் மனு இன்றைக்கும் கையெழுத்துத் தாள் இல்லாமல் என் பெட்டியின் அடியில்தான் கிடக்கிறது என்பது, அன்றைக்கு அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.